மறுமொழி: 'மெலிந்த உற்பத்தி' வேண்டாம், 'வீண்களைவு உற்பத்தி' என்போம்

வணக்கம் நண்பர்களே,

'லீன்' (வீண் வேலையைக் களையும் உற்பத்தி முறை), 'ஜஸ்ட் இன் டைம்' (தேவைப்படும் வேளையில் மட்டும் செய்வது) இரண்டுக்கும் நல்ல தமிழ்ச்சொல் எது என்று இந்த இழையில் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த சொற்களை எல்லாம் வாசித்தேன். திருகோணமலையில் ஒரு தையல் ஆலையில் லைன் மேற்பார்வை செய்கிறேன். இந்தச் சொற்களை மெஷினில் இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது என் அன்றாட வேலை.

முதலில், 'லீன்' என்பதை நேராகப் பெயர்த்த 'மெலிந்த உற்பத்தி'. பயிற்சி வகுப்பில் இதைப் பலகையில் எழுதியதுமே ஒரு தங்கச்சி எழுந்து, "ஆளைக் குறைக்கப் போறீங்களா சேர்?" என்று கேட்டார். பயந்துபோய்த்தான் கேட்டார். தமிழில் ஆள் மெலிவது நோயிலும் பட்டினியிலும்தான். இங்கே ஒரு ஐயா முன்வைத்த 'சிக்கன உற்பத்தி'யும் அந்தப் பயத்தைப் போக்காது. சிக்கனம் என்றால் செலவைச் சுருக்குவது. தொழிலாளிக்குத் தன் சம்பளமும் அந்தச் செலவுக்குள்தான் தெரியும்.

'லீன்' என்ற பெயரே பிறகு வந்தது. 1988இல் ஜோன் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் அப்படி அழைத்தார். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய முறைக்கு அடிப்படை, வீண் வேலையைக் கண்டுபிடித்துக் களைவது. மிகை உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற இடமாற்றம், தேவைக்கு மேற்பட்ட வேலைப்பாடு, கையிருப்பு, வீண் அசைவு, பழுது என்று ஏழு வகை சொன்னார். இதில் மிகை உற்பத்தியே மோசமானது, மற்றவற்றை அதுதான் மறைக்கிறது என்பது அவர் கருத்து.

அது எவ்வளவு சரி என்பதைக் கொலர் தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். நூலின் இறுக்கம் கொஞ்சம் பிசகினால் ஓரம் சுருங்கும். கட்டுக் கட்டாகத் தைத்து அடுத்தவரின் பெட்டியில் போட்டுக்கொண்டே போனால், அவர் அந்தக் கட்டை எடுப்பதற்குள் பெட்டி முழுக்க அதே சுருக்கம். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் இரண்டாவது கொலரிலேயே பக்கத்து ஆள் "இங்க பாருங்க, சுருங்குது" என்று சொல்லிவிடுவார். யாரும் மெலியவில்லை, யாரும் சிக்கனம் பிடிக்கவில்லை. வீண் வேலை மட்டும் போனது.

அதனால் 'வீண்களைவு உற்பத்தி' என்று முன்மொழிகிறேன். தம்பி ஒருவர் 'வீண்களை' என்றார். சுருக்கம்தான், ஆனால் வேற்றுமை உருபு ஏறிய பன்மை போல வாசிக்கத் தோன்றும். 'களைவு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது 'ஜஸ்ட் இன் டைம்'. 1930களின் பிற்பகுதியில் டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடா பிடித்துக்கொண்ட தொடர் இது. 'சரியான நேர உற்பத்தி' என்று சொன்னால், லொறி நேரத்துக்கு வந்தால் போதும் என்றுதான் கேட்பவர் நினைப்பார். டொயோட்டா சொல்வது மூன்று: தேவையானதை, தேவையான வேளையில், தேவையான அளவு. நேரம் அதில் ஒரு பங்குதான். 'தேவைவேளை உற்பத்தி' என்றால் எது, எவ்வளவு என்பதைத் 'தேவை' தாங்கும், எப்போது என்பதை 'வேளை' தாங்கும்.

இதற்கே வந்த இன்னொரு சொல்லான 'இருப்பற்ற உற்பத்தி'யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ஆள் கேட்ட பிறகுதான் கல்லில் தோசை விழுகிறது. ஆனால் மா முதல் நாள் இரவே புளித்து இருப்பில் இருக்கிறது. இருப்பு எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இந்த முறை. 1997 பெப்ரவரி 1 அன்று டொயோட்டாவுக்குப் பாகங்கள் செய்யும் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. ஒரு சின்ன பிரேக் வால்வு வராமல் ஜப்பானில் டொயோட்டாவின் ஆலைகள் சில நாட்கள் முடங்கின. 2011 ஜப்பான் பூகம்பத்துக்குப் பிறகு சிப் போன்ற சில பாகங்களை மாதக்கணக்கில் கையிருப்பில் வைக்கும்படி டொயோட்டாவே விநியோகத்தர்களைக் கேட்டது. எங்களுக்கும் துணி வருவது கொழும்புத் துறைமுகம் வழியாக, 250 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியில். மாரியில் வெள்ளம் வந்து பாதை மூடினால் லைன் நிற்கும். இருப்பே கூடாது என்ற பொருள்படும் சொல்லை வைத்து இங்கே யாருக்கும் பாடம் எடுக்க முடியாது.

'கான்பான்' பற்றிச் சுருக்கமாக. அடுத்த கட்டத்தில் இருப்பவர் கேட்டால்தான் முந்தைய கட்டத்தில் இருப்பவர் செய்வார். அந்தக் கேட்பைச் சுமந்து போகும் அட்டை அது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் மறுபடி நிரப்புவதில் இருந்து ஓனோ பிடித்த யோசனை. கேள்விகோரல், விலைமனுக் கோரல் எல்லாம் இலங்கையில் நாளாந்தம் புழங்கும் சொற்கள் என்பதால், 'கோரல் அட்டை' என்றால் விளக்கமே வேண்டாம். இப்படிக் கேட்டபின் செய்யும் 'புல்' (pull, இழுத்தல்) முறையையும் 'கோரல்வழி உற்பத்தி' என்றே சொல்லலாம். 'இழுவை' என்றால் படகுதான் நினைவுக்கு வருகிறது.

பழுது தெரிந்ததும் மெஷின் தானே நிற்கும் 'ஜிடோக்கா' முறைக்குத்தான் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும், கீச்சிரோவின் தந்தை சாக்கிச்சி டொயோடாவின் தறியில் இருந்து வந்த கருத்து அது. 'தானியக்கம்' என்று போட்டால் நிற்பது விடுபட்டுப்போகிறது. 'பழுதுநிறுத்தம்' என்றால் மெஷின் பழுதாகி நின்றதாக எடுத்துக்கொள்வார்கள். நெசவுத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், தறி அப்படி நிற்பதை உங்கள் பக்கம் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.