பொருள்: காற்றில் கிடைக்கும் டி.என்.ஏ.வுக்கு என்ன சொல்?

நண்பர்களே,
சிறுவர் அறிவியல் இதழுக்கான மொழிபெயர்ப்பு, வியாழன் மாலை கொடுத்தாக வேண்டும். விலங்குகள் உதிர்க்கும் தோல், முடி, எச்சில் வழியே நீரிலும் மண்ணிலும் காற்றிலும் கலக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டு அங்கே என்னென்ன இருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள். 2022இல் வெளிவந்த இரு ஆய்வுகளில், காற்றை உறிஞ்சி வடிகட்டியே இங்கிலாந்தின் ஹாமர்டன் விலங்குக்காட்சிச்சாலையில் 25 இனங்களும் கோபன்ஹேகனில் 49 இனங்களும் சிக்கின. ஆங்கிலத்தில் இதை 'என்விரான்மென்டல் டி.என்.ஏ.' என்கிறார்கள். தமிழில் 'சூழல் மரபணு' எனலாமா?
சு.

> சூழல் மரபணு எனலாமா?

கூடாது. மரபணு என்றால் ஜீன். டி.என்.ஏ.வுக்குத்தான் 'தாயனை' இருக்கிறதே, 'சூழ்தாயனை' என்க. சூழ் என்ற வேருக்குச் சுற்றுதல் மட்டுமல்ல, ஆராய்தலும் பொருள். சூழ்ச்சி முற்காலத்தில் நல்ல சொல். வள்ளுவர் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறார். சூழலை ஆராய உதவும் தாயனை! ஒரே சொல்லில் இரு பொருளும் வந்துவிடுகின்றன.
வே.

வே. ஐயா, அதே குறளின் தொடர்ச்சி 'அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது'. தாழ்ச்சி என்றால் தாமதம். வியாழக்கிழமை நினைவிருக்கட்டும் :-)
சூழ்தாயனை வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் தாயனை என்றுதான் விரியும். ஆராய்ச்சிக்கு அதில் இடமே இல்லை. என் ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் "யாரு டீச்சர் அந்தத் தாயன்?" என்பார்கள். 'உயிர்ச்சுவடு' எப்படி?
பா.

பா. அம்மா, சுவடு என்றால் அந்த விலங்கு அங்கே நடந்திருக்க வேண்டும். ஹாமர்டனில் விலங்குகளுக்குத் தீனியாகப் போட்ட கோழியின் டி.என்.ஏ.வும் காற்றில் அகப்பட்டது. இறைச்சியாக வந்த கோழிக்கு ஏது சுவடு? வேலிக்கு வெளியே திரியும் முள்ளெலியும் பதிவானதே! காட்டில் இதைப் பயன்படுத்துகிறவருக்கு இதுதான் தலைவலி: டி.என்.ஏ. கிடைத்தாலும், அது இங்கேயே உதிர்ந்ததா, காற்றோ ஓடையோ கொண்டுவந்ததா என்று தெரியாது.
'எச்சம்' என்று சொல்ல ஆசைதான். கிரீன்லாந்து மண்ணில் 20 லட்சம் ஆண்டுப் பழைய மாஸ்டடான் என்ற, யானைக்கு உறவான விலங்கின் டி.என்.ஏ. கிடைத்ததே, அதற்குக்கூடப் பொருந்தும். ஆனால் பிள்ளைகள் காக்கை எச்சத்தைத்தான் நினைப்பார்கள். பேசாமல் 'சூழல் டி.என்.ஏ.' என்று போடுங்கள்.
கு.

சூழலுக்கு ஏது டி.என்.ஏ.? ஆறாம் வேற்றுமை உதைக்கிறது.
வே.

ஏழாம் வேற்றுமையாக விரியுங்கள் ஐயா. குன்றக்கூகை என்றால் குன்றில் இருக்கும் கூகைதானே?
கு.

'சூழல் டி.என்.ஏ.' என்றே அனுப்பிவிட்டேன். கோழிச் சேதியையும் ஒரு பெட்டிக்குள் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.
சு.

பாதி ரோமன் எழுத்தின் ஒலி, பாதி தமிழ். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தாயனையின் வேர் குறித்துத் தனி இழையில் எழுதுவேன்.
வே.