மறு: அகநாளமா, கலன்வழியா? சாளரமா, காலதரா?

ஹட்டனிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மருத்துவக் குறியீட்டு வகுப்பு. வருகிற பிள்ளைகள் தமிழ்மூலம் உயிரியல் படித்தவர்கள். செய்த சிகிச்சைக்குப் பணம் கோரும்போது போடுகிற அமெரிக்காவின் சிபிடி (CPT) குறியீடுகளில் 34841 முதல் 34848 வரைக்கும் குறிப்பு எழுதுகிறேன். வயிற்றைத் திறக்காமல், தொடை நாடி வழியாக ஒரு குழாயைக் கொண்டுபோய், பெருநாடி புடைத்த இடத்தில் விரிப்பார்கள். சிறுநீரக நாடி, குடல் நாடி வாய்கள் அடைபடாதபடி அதில் துளைகள் இருக்கும். ஆங்கிலத்தில் endovascular fenestrated endograft என்பதற்கு 'அகநாளச் சாளர ஒட்டுக்குழாய்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

பண்டாரவளையிலிருந்து:
தங்கச்சி, சாளரம் இருக்கட்டும், 'அகநாளம்'தான் ஆபத்து. தமிழ்நாட்டில் இரத்தநாளம் என்றால் எல்லாக் குருதிக் குழாயும் அடங்கும். அவர்களுடைய தமனியும் சிரையும் நம் இலங்கைப் பாடநூலில் நாடியும் நாளமும். அங்கே நாடி என்றால் வைத்தியர் கையைப் பிடித்துப் பார்ப்பது! நம் பிள்ளை 'அகநாளம்' என்று வாசித்தால், இதயத்துக்குத் திரும்பும் குழாய்க்குள் செய்த சிகிச்சை என்றே நினைக்கும். பொதுச்சொல் நமக்கு ஏற்கெனவே உண்டு: குருதிக்கலன். தாவரவியலில் கலனிழையம் படித்தவர்களுக்குக் 'கலன்வழி' சட்டென்று விளங்கும்.

மாத்தளையிலிருந்து:
கலன்வழி நன்று. சாளரம் எதற்கு? ஜன்னலும் வேண்டாம், அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறதே. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எவ்வளவு அழகு!

பண்டாரவளையிலிருந்து:
ஐயா, அந்தத் துளையில் போவது காற்றல்ல, குருதி.

மாத்தளையிலிருந்து:
அப்படியானால் 'குருதியதர்'.

கண்டியிலிருந்து:
குறியீடு போடும் வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பணம் துளைக்கு அல்ல. முதல் நான்கு குறியீடுகள் சிறுநீரகம், குடல் போன்ற உள்ளுறுப்புகளுக்கான நாடிகள் பிரியும் பகுதிக்கு மட்டும். அடுத்த நான்கு, சிறுநீரக நாடிகளுக்குக் கீழேயும் குழாய் இறங்கினால். இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அல்லது அதற்கு மேல் என்று எண்ணுவது, உள்ளுறுப்பு நாடிகளுக்குள் வைத்த சின்னக் குழாய்களை. சாளரங்களை எண்ணிக் குறியீடு போட்டால் கோப்பு திரும்பி வரும். ஆகவே பெரிய குழாய்க்கு ஒரு சொல், சின்னதற்கு இன்னொன்று வேண்டும். சின்னதை 'உள்ளுறுப்பு நாடிக்குழாய்' என்போமே. 'கிளைக்குழாய்' வேண்டாம், கிளையுள்ள ஒட்டு என்று வேறு வகை உண்டு.

அப்புறம், அந்த இடத்தைப் பலூனால் விரிப்பதற்கும் கதிர்ப்படம் பார்ப்பதற்கும் தனிக் குறியீடு இல்லை, எல்லாம் அதே குறியீட்டுக்குள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்தானே போடுவார்கள், அப்படி. ஆனால் நோயாளியின் உடலுக்கேற்பக் குழாயைத் திட்டமிடுவதற்குத் தனியாக 34839 உண்டு, மருத்துவர் குறைந்தது 90 நிமிடமாவது செலவிட்டிருந்தால்.

ஹட்டனிலிருந்து:
நன்றி. இதுவரை கலன்வழிக்கு எதிர்ப்பில்லை. சாளரத்துக்கு நான்கு பேர், ஜன்னலுக்கு இரண்டு பேர், காலதருக்கு ஐயா மட்டும். 'கலன்வழிச் சாளர ஒட்டுக்குழாய்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். சின்னதற்குக் கண்டி அண்ணா சொன்னதுதான்.

மாத்தளையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஒட்டு' என்பதையும் நான் ஏற்கவில்லை. அந்தக் குழாய் எங்கே ஒட்டுகிறது? நாடிச் சுவரை அழுத்திக்கொண்டுதானே நிற்கிறது?