முதல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

காரைக்குடியிலிருந்து கேட்கிறேன். தங்கை மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பணத்தைக் கையாளவும் வேலையில் முன்னேறவும் உதவும் தமிழ்ப் புத்தகங்களைச் சொல்லுங்கள்.

கடையில் புரட்டியவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். அமெரிக்க ஓய்வூதியக் கணக்கு அவளுக்கு எதற்கு? அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.-க்கு (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு) ஏன் போகிறது, நாமே சேமிக்கும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) முதிர ஏன் 15 ஆண்டு, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி எப்படி ஏறும், இதெல்லாம் வேண்டும். பேரேடு எழுதியே பர்மா, மலாயா வரை வட்டித் தொழில் நடத்திய சீமை இது. எங்கள் பிள்ளைக்கு வரவு செலவு எழுதும் பழக்கமாவது வரவேண்டும் என்று ரொம்ப ஆசை.

‘நினைத்தால் கோடீஸ்வரர்’ வகை வேண்டாம். அப்புறம், நீங்களே படித்துப் பலன் கண்டதாக இருந்தால் நல்லது. பதிப்பகத்தின் பெயரையும் எழுதுங்கள், அக்கா, அண்ணன்மாரே.