லொலீட்டா ஹாலோவே: அந்தக் குரல் யாருடையது?

கேள்வி:
1989இல் இங்கிலாந்தில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்த 'ரைடு ஆன் டைம்' பாடலை அண்மையில் மீண்டும் கேட்டேன். காணொளியில் வருபவர் வாயசைக்க மட்டுமே செய்தார் என்றும், அந்தக் குரல் லொலீட்டா ஹாலோவே என்னும் சோல் (கறுப்பின அமெரிக்க இசை), டிஸ்கோ (நடன இசை) பாடகியுடையது என்றும் படித்தேன். இவ்வளவு வலிமையான குரலுக்கு உரியவரின் பெயர் எப்படி விடுபட்டது? அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். 1946இல் சிகாகோவில் பிறந்த அவர், தம் தாயார் நடத்திய பாடற்குழுவில் பாடி வளர்ந்து, பின்னர் அல்பர்டினா வாக்கரின் புகழ்பெற்ற தேவாலய இசைக் குழுவான 'கேரவன்ஸ்'இல் சில ஆண்டுகள் பாடினார். எழுதிய வரிகள் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல், கூவியும் கெஞ்சியும் அதட்டியும் பாட்டை மேலே மேலே கொண்டுசெல்லும் பழக்கம் அங்கே படிந்தது. அட்லாண்டாவின் அவேர் இசைத்தட்டு நிறுவனத்தில் அவர் பதிவு செய்த 'க்ரை டு மீ' 1975இல் அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அந்த நிறுவனம் மூடப்பட்ட பின், சால்சோல் நிறுவனத்தின் துணையுடன் தயாரிப்பாளர் நார்மன் ஹாரிஸ் நடத்திய கோல்டு மைண்டு நிறுவனத்தில் சேர்ந்தார்.

1977இல் வெளிவந்த 'ஹிட் அண்ட் ரன்' பாடலை டிஜே வால்டர் கிப்பன்ஸ் 12 அங்குல இசைத்தட்டுக்காகப் பதினொரு நிமிடப் பதிப்பாக மாற்றியபோது, சரணங்களில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, இறுதியில் ஹாலோவே மனம்போன போக்கில் பாடியதையே பாட்டின் உடலாக ஆக்கினார். என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த பதிவு அதுதான்.

மறுமொழி 2:
பெயர் விடுபட்ட கதையைச் சொல்கிறேன். 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரிக்க, ஹாலோவே பாடிய 'லவ் சென்சேஷன்' பாடலுக்கு, இசைக்கருவிகள் இல்லாமல் குரல் மட்டும் கொண்ட பதிப்பும் உண்டு. இத்தாலியின் 'பிளாக் பாக்ஸ்' குழுவினர் அதிலிருந்து துண்டுகளை எடுத்துத் தங்கள் தாளத்தின் மேல் வைத்து 'ரைடு ஆன் டைம்' பாடலை உருவாக்கினார்கள். காணொளியில் கத்ரின் கினோல் என்னும் மாடல் தோன்றினார். பதிவின் உரிமை நிறுவனத்திடமும் பாட்டின் உரிமை எழுதியவரிடமும் இருக்க, பாடியவரிடம் எவரும் கேட்கவில்லை. ஹாலோவே சட்ட வழியை நாடிய பிறகே அவருக்குத் தொகை கிடைத்தது. பின்னர் வந்த பதிப்பில் பாடகி ஹெதர் ஸ்மால் அதே பகுதிகளைப் புதிதாகப் பாடினார். 1991இல் ராப் பாடகர் மார்க்கி மார்க்கின் 'குட் வைப்ரேஷன்ஸ்' அதே பாட்டிலிருந்து எடுத்தபோதோ, ஹாலோவேயின் பெயர் உரிய இடத்தில் அச்சாயிற்று. அந்தப் பாடல் அமெரிக்காவில் முதலிடமும் பெற்றது.

மறுமொழி 3:
முன்னவர்கள் சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் அவரை நடன அரங்கின் குரலாக மட்டும் கருதினால் பாதி ஹாலோவேயை இழந்துவிடுவோம். பாடகர் பன்னி சிக்லருடன் 1978இல் பாடிய 'ஒன்லி யூ' போன்ற மெதுவான பாடல்களில், அதே பெருங்குரலை அவர் எவ்வளவு அடக்கிப் பிடிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 2011 மார்ச் 21 அன்று, 64 வயதில் அவர் மறைந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்தப் பாடல்களே.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'லவ் சென்சேஷன்' முழுவதையும் இன்று கேட்டேன். எனக்குத் தெரிந்த துண்டு வருவதற்கு முன் அவர் பொறுமையாக அதை நோக்கி ஏறி வருகிறார். அந்த ஏற்றத்தை இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டதே இல்லை.