டாக்சடையீன் உற்பத்தி: இண்டோல் தேங்குவதைக் குறைக்க ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தின் முன்னோடியான டாக்சடையீனை, யூ மரப்பட்டையை நம்பியிராமல், குளுக்கோஸிலிருந்து ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு உருவாக்க முயன்று வருகிறேன். 2010இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ஐசோப்ரீன் என்னும் ஐந்து கார்பன் கட்டுமான அலகுகளைத் தரும் முற்பகுதி மரபணுக்களையும் அவற்றை டாக்சடையீனாக்கும் பிற்பகுதி மரபணுக்களையும் சமன்செய்து, லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் பெற்றார்கள். அந்தச் சமநிலையே இம்முறையின் உயிர்நாடி என்று கருதுகிறேன்.

என் குடுவைகளிலோ, செல்கள் நன்கு வளர்ந்தும், இரண்டாம் நாளில் இண்டோல் என்னும் துணைவிளைபொருள் தேங்கி விளைச்சல் சரிந்துவிடுகிறது. வளர்ப்பு ஊடகத்திலுள்ள ஈஸ்ட் சாற்றின் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து இண்டோலை உண்டாக்கும் டிரிப்டோஃபனேஸ் நொதியின் மரபணுவை நீக்குவது பயன் தருமா, அல்லது பிளாஸ்மிடில் (செல்லுக்குள் பல பிரதிகளாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தில்) இருக்கும் முற்பகுதி மரபணுக்களைக் குரோமோசோமில் ஒரே பிரதியாகச் சேர்த்து அவற்றின் வேகத்தைத் தணிப்பதே நல்லதா? விளைபொருள் ஆவியாகாதிருக்க டோடெக்கேன் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தை மேலடுக்காக ஏற்கெனவே இட்டிருக்கிறேன். இவற்றைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.