வேன் பேட்டரி மாதம் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது, என்ன செய்யலாம்?

ஒத்தக்கடை வேன்:
வணக்கம். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு கொடைக்கானல், மேகமலை என்று கிளம்புவோம். மற்ற நாளெல்லாம் வண்டி ஒத்தக்கடையில் வீட்டு வாசல் வெயிலில்தான் நிற்கும். கூரையில் 165 வாட் பேனல் இரண்டு. படுக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற அதே வகை.

கத்திரி தொடங்கும் முன் பார்த்தபோது ஆறு செல்லிலும் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைகள் சிவப்புக் குறிக்குக் கீழே கிடந்தன. டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் பிடித்தது. சரியாக ஒரு மாதம் கழித்து நேற்று மறுபடியும் ஒரு லிட்டர். முதல் தடவை ஆசையில் கழுத்து வரை ஊற்றிவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஆசிட் பொங்கி வழிந்து, துடைக்கப் போன எனக்கு ஒரு வேட்டி சல்லடையாகிவிட்டது.

வெளிநாட்டு வீடியோக்களில் ஆறு செல்லுக்கும் ஒரே குழாய் மாட்டி, கைப்பம்பை அமுக்கினால் அளவாக நிரம்பி நிற்கிற செட் காட்டுகிறார்கள். அதை வாங்கினால் தீருமா?

திருநகர் அக்கா:
தம்பி, எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஏசித் தண்ணீரைப் பிடித்துத்தான் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. காசு எதற்குச் செலவழிக்கிறீர்கள்?

சிம்மக்கல் எலெக்ட்ரீஷியன்:
அக்கா, ஏசித் தண்ணீர் பிறக்கும்போது சுத்தமானதுதான். ஆனால் காயிலில் இருக்கும் தூசி, உலோகத் துகள், பாசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுதானே குழாய்க்கு வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் பற்றிக் கேட்கவே வேண்டாம், சோப்பே நுரைக்காது. டிஸ்டில்டு வாட்டரே ஊற்றட்டும்.

தம்பி, அந்த பம்பு செட்டு நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் பேட்டரியின் மூடி அளவுக்கும் செல் இடைவெளிக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்தினாலும் குனிகிற வேலைதான் குறையும், தண்ணீர் குறைவது நிற்காது. நீள மூக்கு புனலும் ஒரு டார்ச்சும் போதும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் முதலில் ஊற்றுங்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகுதான் பச்சைக் குறி வரை. சார்ஜ் ஏற ஏற உள்ளே குமிழி வந்து மட்டம் உயரும். உங்கள் வேட்டி போனது அதனால்தான்.

வைகைக்கரை:
தண்ணீரோடு கொஞ்சம் ஆசிட்டும் கலந்து ஊற்றுங்கள் நண்பரே, பேட்டரிக்குப் புது உயிர் வரும்.

சிம்மக்கல் எலெக்ட்ரீஷியன்:
தயவுசெய்து வேண்டாம். காற்றில் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகட்டை அரிக்கும். இவருக்கு வழிந்த அளவு கொஞ்சம் போயிருக்கும். அதை ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மேலூர் சோலார்:
எங்கே ஊற்றுவது என்பதை விடுங்கள், எங்கே போகிறது என்று பாருங்கள். பேட்டரி நிறைந்த பிறகும் உள்ளே தள்ளுகிற கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். ஒரு ஆம்பியர்-மணி வீணானால் ஒரு செல்லில் சுமார் 0.34 கிராம் தண்ணீர் போகும். உங்கள் ஒரு லிட்டரை ஆறு செல்லுக்குப் பிரித்தால் தலைக்கு 167 மில்லி. அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 500 ஆம்பியர்-மணி, தினம் 16, 17. யாரும் ஏறாத வண்டிக்கு தினமும் இவ்வளவு சாப்பாடு!

மூன்று விஷயம் சொல்லுங்கள். மத்தியானம் 12 மணிக்கு பேட்டரி டெர்மினலில் எத்தனை வோல்ட்? பெட்டிக்குள் எவ்வளவு சூடு? பேனல் கரண்டை அளவாக பேட்டரிக்கு அனுப்புகிற சார்ஜ் கண்ட்ரோலரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?

ஒத்தக்கடை வேன்:
14.7 வோல்ட். பெட்டி 46 டிகிரி. உள்ளே உலை கொதிப்பது போல களகளவென்று சத்தம், மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. கண்ட்ரோலர் முன்பக்கம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம்.

மேலூர் சோலார்:
இதோ பிடித்துவிட்டோம். கண்ட்ரோலருக்குள் இருக்கிற வெப்ப சென்சார் ஜன்னல் காற்றை அளந்துகொண்டு நிற்கிறது. பேட்டரி வேறு இடத்தில் வேகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் வோல்டேஜில் சுமார் 0.018 வோல்ட் குறைக்க வேண்டும். உங்கள் பெட்டி 21 டிகிரி கூடுதல், அதற்கு ஏறக்குறைய 0.4 வோல்ட். பேட்டரி மேலேயே ஒட்டுகிற வயர் சென்சார் கிடைத்தால் மாட்டுங்கள். அதுவரை கண்ட்ரோலர் செட்டிங்கில் பூஸ்ட் (வேகமாக ஏற்றுவது) 14.2 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்த பின் தாங்கிப் பிடிப்பது) 13.4, ஈக்வலைஸ் (செல்களைச் சமமாக்க வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றுவது) ஆஃப். வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஏற்றினால் போதும். கழற்றும்போது எப்போதும் பேனல் முதலில், பேட்டரி பிறகு.

இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் படுக்கும் பலகைக்கு அடியில் அந்த வாடை வருகிறது என்றால் ஹைட்ரஜனும் வருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். பக்கத்தில் அடுப்பு வேறு வைத்திருக்கிறீர்கள். பெட்டியின் மேல் மூலையில் ஓட்டை போட்டு, ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். அது மேலே போகிற வாயு, கீழே மட்டும் ஓட்டை போட்டுப் பயனில்லை.

திருநகர் அக்கா:
நானும் போய் எங்கள் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். பூஜை ரூமுக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேர் கீழே! இடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஒத்தக்கடை வேன்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் சொன்னபடி செய்தாயிற்று. சத்தம் இல்லை, வாடை இல்லை. மொத்தமே 200 மில்லிக்குள்தான் பிடித்தது. ஆனால் ஐந்தாவது செல் மட்டும் மற்றதைவிட ஒரு விரல் கீழே. ஹைட்ரோமீட்டரில் மற்றவை 1.230, அது 1.190.

சிம்மக்கல் எலெக்ட்ரீஷியன்:
எல்லா செல்லும் சமமாகக் குறைந்தால் சார்ஜ் கோளாறு. ஒன்று மட்டும் குறைந்து அடர்த்தியும் விழுந்தால், ஒன்று அந்த செல்லே கெட்டிருக்கும், இல்லையென்றால் டப்பாவில் விரிசல். பேட்டரியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஈரம் இருந்தால் ஆப்பசோடா தூவுங்கள், ஆசிட் என்றால் நுரைக்கும். கையால் தொடாதீர்கள்.

ஒத்தக்கடை வேன்:
முதல் தடவை வழிந்ததை அன்றே சோடா போட்டுக் கழுவிக் காயவைத்த இடம்தான். ஐந்தாவது செல்லுக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தூவினேன், புசுபுசுவென்று நுரைத்தது. வாரண்டி அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.