வீட்டுக் குழு: படலையும் பனை நிழலும்

வெள்ளி, இரவு 7.42

கயல்: ராசன் மாமா நிக்கிறீங்களோ? சமகோண முக்கோணியில (மூண்டு கோணமும் ஒண்டுக்கொண்டு சமனான ரண்டு முக்கோணி) ஒரு கணக்கு உதைக்குது.

கயல்: முக்கோணி ஏபிசி. பிசிக்குச் சமாந்தரமா டிஈ. டி ஏபியில கிடக்கு, ஈ ஏசியில. ஏடி 4, டிபி 2, பிசி 9. டிஈ எவ்வளவு? எனக்கு 18 வருது.

ராசன் மாமா: எப்பிடிச் செய்தனி?

கயல்: ஏடியை டிபியால பிரிச்சா 2. அதை 9ஆல பெருக்கினன்.

ராசன் மாமா: விடையை விடு. படத்தை வடிவாப் பார். டிஈ மேல, கூம்பிக்கொண்டு போற இடத்தில நிக்குது. பிசி அடியில. மேல நிக்கிறது அடியில கிடக்கிறதை விட நீளமா இருக்குமோ?

கயல்: இராது... 9க்குக் குறையத்தான் வரவேணும்.

ராசன் மாமா: அதுதான். டிபி ஒரு துண்டு மட்டும். அது எந்த முக்கோணியின்ர பக்கம்?

கயல்: ஒண்டின்ரயும் இல்லை

ராசன் மாமா: ஓம் பிள்ளை. சின்ன முக்கோணி ஏடிஈ, பெரிசு ஏபிசி. ஏடிக்கு ஒத்த பக்கம் ஏபி, முழு நீளம்.

கயல்: அப்ப ஏபி 6. 4ஐ 6ஆல பிரிச்சு 9ஆல பெருக்க... 6! டிஈ 6.

ராசன் மாமா: சரி. கனபேர் விழுற குழி இது. ஏடிக்கு டிபி, ஏஈக்கு ஈசி எண்டு துண்டுக்குத் துண்டு விகிதம் எடுக்கிறது பிழையில்லை. ஆனா டிஈயும் பிசியும் கணக்குக்குள்ள வந்தால் துண்டை விட்டுப்போட்டு முழுப் பக்கத்தைத்தான் எடுக்க வேணும். ரண்டு முக்கோணியையும் கொப்பியில புறம்புபுறம்பாக் கீறு. பிழை வராது.

அம்மா: ஒரு கிழமையா அந்தக் கொப்பியோட மல்லுக்கட்டுறாள் தம்பி. ரண்டு வரியில சொல்லிப்போட்டாய்.

கயல்: மாமா இன்னொண்டு. முக்கோணிக்குக் கோணம் சமனெண்டாலே காணும், பக்கம் தானா விகிதசமமா வரும் எண்டு கிடக்கு. செவ்வகத்துக்கும் எல்லாக் கோணமும் 90 தானே. ஏன் எல்லாச் செவ்வகமும் ஒரே வடிவமில்லை?

ராசன் மாமா: நல்ல கேள்வி. உங்கட வீட்டுப் படலை போன மாரிக்கு என்னண்டு கிடந்தது?

கயல்: ஒரு பக்கம் சரிஞ்சு, இழுத்துத்தான் திறக்கிறது.

ராசன் மாமா: சட்டம் நாலும் முந்தின நீளம்தான். மூலை மட்டும் 90ஐ விட்டு விலகீட்டுது. அத்தான் என்ன செய்தவர்?

அப்பா: மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் ஒண்டு அடிச்சனான். அதுக்குப் பிறகு அசையேல்லை.

ராசன் மாமா: அந்தக் குறுக்குச் சட்டம் படலையை ரண்டு முக்கோணியாக்கிப் போட்டுது. முக்கோணிக்கு மூண்டு பக்கமும் தெரிஞ்சால் கோணம் மாற வழியில்லை. மூண்டு கோணமும் தெரிஞ்சால் பக்கங்களின்ர விகிதம் மாற வழியில்லை, அளவுதான் கூடிக் குறையும். நாற்பக்கலுக்கு, அதுதான் நாலு பக்க உருவத்துக்கு, இந்த இறுக்கம் இல்லை. அதுக்குக் கோணமும் பாக்கவேணும், பக்க விகிதமும் பாக்கவேணும்.

ராசன் மாமா: நாளைக்கு வெயில் எறிச்சால் வேலியோட நிக்கிற பனையை அள. ஒரு மீற்றர் தடி போதும். தடியை நட்டநேர நிப்பாட்டி ரண்டின்ர நிழலையும் அள. நிழல்களின்ர விகிதம்தான் உயரங்களின்ர விகிதமும். 2600 வருசத்துக்கு முந்திக் கிரேக்கத்துத் தேலீஸ் எகிப்துக் கூம்பகத்தின்ர உயரத்தை இப்பிடி நிழலை வைச்சுத்தான் கண்டவர் எண்டு சொல்லுவினம்.

சனி, காலை 9.48

கயல்: மாமா பனை 18 மீற்றர்! நிழல் 14.4, தடி நிழல் 80 சென்ரிமீற்றர்.

அப்பப்பா: அவ்வளவு உயரம் வராது பிள்ளை. சீவல்காரர் ஏறேக்க பாத்தனான், உது 50 அடிப் பனை.

ராசன் மாமா: ரண்டையும் ஒரே நேரத்திலயோ அளந்தனி?

கயல்: பனை 9.15க்கு. பிறகு புட்டுச் சாப்பிட்டுட்டு வந்து தடியை அளந்தனான்.

ராசன் மாமா: அங்கதான் பிழை. சூரியன் 15 கோடி கிலோமீற்றருக்கு அங்கால நிக்கிறதால பனையிலயும் தடியிலயும் கதிர் ஒரே சரிவில விழுது. ரண்டும் நட்டநேர நிக்குது, ஒரு கோணம் 90. கதிரின்ர சரிவு மற்றக் கோணம். ரண்டு சமனெண்டால் மூண்டாவதும் சமன். நீ சாப்பிட்டு வாறதுக்குள்ள சூரியன் ஏறி, அந்தச் சரிவு மாறீட்டுது. கோணம் மாறினாப்பிறகு ரண்டும் சமகோண முக்கோணி இல்லை.

காலை 10.06

கயல்: தம்பி பனையடியில நிண்டு நாடா பிடிக்க, நான் தடியைப் பிடிச்சு ஒரே நேரத்தில அளந்தம். பனை நிழல் 11.4. தடி நிழல் 76 சென்ரிமீற்றர். 11.4ஐ 0.76ஆல பிரிக்க 15 மீற்றர்!

அப்பப்பா: 15 மீற்றர் எண்டா எத்தினை அடி?

கயல்: 49 அடி சொச்சம் அப்பப்பா

அப்பப்பா: பாத்தியோ. ஏறினவன்ர கணக்கும் உன்ர கணக்கும் ஒண்டு. உன்ர பூட்டன் வைச்ச பனை அது.

கயல்: கிணத்தடித் தென்னையையும் அளக்கப்போறன். ஆனா இப்ப மழை இருட்டுது. நிழல் இல்லாமச் செய்யேலுமோ மாமா?

ராசன் மாமா: ஏலும். தென்னைக்கும் உனக்கும் நடுவில பேசினில தண்ணி வை. பின்னால பின்னால போய், தென்னை நுனி தண்ணியில தெரியிற இடத்தில நில். தண்ணியில பட்ட வெளிச்சம் பட்ட அதே கோணத்தில திரும்பும். பேசினில இருந்து நீ நிக்கிற தூரம், தென்னை நிக்கிற தூரம், நிலத்தில இருந்து உன்ர கண் உயரம். இந்த மூண்டும் காணும். முக்கோணி ரண்டையும் நீயே கீறிப் பார்.

அம்மா: பேசின் கிணத்தடியில கிடக்கு. கழுவிப்போட்டு எடு.